“ஸ்டார்ட் பட்டன் எங்கே?” – இயங்குதளம் மாறும்போது பயனர்கள் ஏன் எதிர்க்கிறார்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு அலுவலகங்களுக்குக் கணினி பராமரிப்பும் பயிற்சியும் செய்து தருவது என் வேலை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததிலிருந்து, பல இடங்களில் 11-க்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். போகிற இடமெல்லாம் ஒரே மாதிரிக் கேள்விகள். “ஏன் மாத்தணும்?”, “பழையபடி வைக்க முடியாதா?”, “எங்க ஆளுங்க எதுக்கெடுத்தாலும் முரண்டு பிடிக்கிறாங்க, என்ன செய்ய?” இவற்றுக்குப் பதில் சொல்ல நான் எப்போதும் விண்டோஸ் 8-க்குத்தான் திரும்பிப் போவேன். பயனர் எதிர்ப்பு என்றால் என்ன என்பதை அந்தப் பதிப்பைப் போல் தெளிவாகக் காட்டியது வேறொன்றில்லை.

விண்டோஸ் 8-ல் அப்படி என்னதான் மாறியது?

2012 அக்டோபர் 26-ல் அது விற்பனைக்கு வந்தது. விண்டோஸ் 95-லிருந்து இடது கீழ் மூலையில் இருந்து, செயலிகளின் பட்டியலான ஸ்டார்ட் மெனுவைத் திறந்துவந்த ஸ்டார்ட் பட்டன் அதில் இல்லை. கணினியை ஆன் செய்தால் பழகிய டெஸ்க்டாப் வராது. வண்ணச் சதுரங்கள் நிறைந்த முழுத்திரை ஒன்று வரும். அதற்கு ஸ்டார்ட் ஸ்கிரீன் என்று பெயர். டெஸ்க்டாப்பே அந்தச் சதுரங்களில் ஒன்றாகச் சுருங்கியிருந்தது.

மற்ற முக்கியமான வசதிகள் திரையின் மூலைகளுக்குள் போயின. கர்சரை வலது மேல் மூலைக்கோ வலது கீழ் மூலைக்கோ கொண்டுபோனால் சார்ம்ஸ் என்ற பட்டை எட்டிப் பார்க்கும். தேடல், பகிர்தல், ஸ்டார்ட், சாதனங்கள், செட்டிங்ஸ் என்று அதில் ஐந்து ஐகான்கள். இடது மேல் மூலை, திறந்திருக்கும் செயலிகளுக்கு. இடது கீழ் மூலை, ஸ்டார்ட் ஸ்கிரீனுக்கு. இந்த நான்கு மூலைகளிலும் “இங்கே ஏதோ இருக்கிறது” என்று காட்ட ஒரு புள்ளி கூடக் கிடையாது.

அதற்கு மேல், ஒரே கணினிக்குள் இரண்டு உலகங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இரண்டு வடிவத்தில் இருந்தது. கன்ட்ரோல் பேனல் ஒரு பக்கம், பிசி செட்டிங்ஸ் இன்னொரு பக்கம். ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்தால் அது திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். மூட மேலே சிவப்புப் பெருக்கல் குறி இருக்காது. உச்சியைப் பிடித்துக் கீழ்வரை இழுத்தால்தான் மூடும். அதை யாரும் தற்செயலாகக் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்டார்ட் பட்டனை ஏன் எடுத்தார்கள்?

2010-ல் ஐபேட் வந்தது. கணினி என்றால் மேஜையும் கீபோர்டும் மவுஸும் என்று இருந்த காலம் முடியப்போகிறது என்று தொழில் முழுக்கப் பேச்சு. டேப்லெட், லேப்டாப் இரண்டுக்கும் ஒரே இயங்குதளம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் முடிவெடுத்தது. விண்டோஸ் பிரிவின் தலைவராக இருந்த ஸ்டீவன் சினோஃப்ஸ்கி இந்தப் பாதையை உறுதியாகப் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு வாதத்தையும் வைத்தார்கள். விண்டோஸ் 7-ல் மக்கள் அடிக்கடி பயன்படுத்தும் செயலிகளின் ஐகான்களைத் திரையின் கீழே இருக்கும் பட்டையான டாஸ்க்பாரில் நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள் (பின் செய்வது என்பார்கள்), ஸ்டார்ட் மெனுவைத் திறப்பது குறைந்துவிட்டது என்று தங்களுக்கு வந்த பயன்பாட்டுத் தரவு காட்டுவதாகச் சொன்னார்கள். தரவு சரியாகவே இருக்கலாம். எனக்கு உறுத்துவது அதிலிருந்து எடுத்த முடிவு. வீட்டில் பின்கதவை நாளைக்கு இரண்டு முறைதான் திறக்கிறோம் என்பதற்காக அதைச் சுவர் வைத்து அடைக்க மாட்டோம். அடிக்கடி தேவைப்படாத செயலியைத் தேடத்தான் ஸ்டார்ட் மெனு. குறைவாகத் திறக்கப்படுவது அதன் இயல்பு.

ஒரு பட்டன் போனதற்கா இவ்வளவு கோபம்?

இதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 2013 தொடக்கம். நீதிமன்றத்துக்கு எதிரே டிடிபி கடை வைத்திருக்கும் ஒரு அக்கா, புது லேப்டாப் வாங்கியிருந்தார். மனுக்களும் பத்திரங்களும் தட்டச்சு செய்வதில் அந்தத் தெருவிலேயே அவர் வேகத்துக்கு ஆள் கிடையாது. “தம்பி, நான் எதையும் தொடலப்பா, அதுவா என்னென்னமோ வருது” என்று கூப்பிட்டார்.

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை மட்டும் பார்த்தேன். எந்த வேலையை ஆரம்பித்தாலும் கர்சர் நேராக இடது கீழ் மூலைக்குப் போகிறது. கண் திரையில் இருக்கும் மனுவில், கை மட்டும் தானாகப் போகிறது. மூலையின் நுனியைத் தொடாமல், பழைய பட்டன் இருந்த இடத்தில் கிளிக். விண்டோஸ் 8-ல் டாஸ்க்பாரின் இடது ஓரத்தில் முதலில் இருந்தது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் ஐகான். அதனால் ஒவ்வொரு முறையும் பிரவுசர் திறந்தது. மூடுவார், திரும்பப் போவார், திரும்பத் திறக்கும். அரை மணி நேரத்தில் ஏழெட்டு முறை. கடைசியில் கையை மவுஸிலிருந்தே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மாலையில் லேப்டாப்பை அணைக்க வேண்டும். கர்சரை வலது கீழ் மூலைக்குக் கொண்டுபோய், பட்டை எட்டிப் பார்த்ததும் அது மறைந்துவிடாமல் மேலே நகர்த்தி, செட்டிங்ஸை அழுத்தி, அதில் பவர், அதில் ஷட் டவுன். மூன்று நாளாக அவர் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தே அணைத்திருக்கிறார். “கெட்டுப்போயிடுமோன்னு பயந்துகிட்டேதான் செஞ்சேன்” என்றார்.

ஒரு விஷயம். புதிய பயனர் கணக்கு உருவாகும்போது, “மவுஸை எந்த மூலைக்கும் கொண்டுபோங்கள்” என்று ஒரு சின்ன அசைபடம் திரையில் ஓடும். கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். அக்காவின் லேப்டாப்பில் கணக்கை உருவாக்கியது விற்ற கடைப் பையன். அந்தப் படத்தை அவர் பார்க்கவே இல்லை.

பதினைந்து வருஷமாகக் கை கற்றுவைத்த ஒன்றை ஒரே நாளில் பொய்யாக்கினால் மனிதர்களுக்கு வருவது சோம்பல் இல்லை, அவமானம். தன் தொழிலில் தேர்ந்த ஒருவர், தன் கடையில், வாடிக்கையாளர் முன்னால் திடீரென்று ஒன்றும் தெரியாதவராகிறார். கோபம் அங்கிருந்துதான் வருகிறது.

மக்கள் எப்போதுமே புதியதை எதிர்ப்பார்கள், பழகினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை நம்பித்தான் விண்டோஸ் 8 இவ்வளவு தூரம் போனது என்பது என் எண்ணம்.

1995 ஆகஸ்ட் 24-ல் விண்டோஸ் 95 வந்தபோதும் மாற்றம் பெரியதுதான். முந்தைய விண்டோஸ் 3.1-ல் செயலிகளைத் திறக்க இருந்த புரோகிராம் மேனேஜர் போய் ஸ்டார்ட் மெனு வந்தது. ஆனால் அதைக் கொண்டுவந்த விதத்தைப் பாருங்கள். அந்தப் பட்டனில் முதலில் ‘ஸ்டார்ட்’ என்ற சொல் கிடையாது. சோதனையில் உட்காரவைத்தவர்கள் யாரும் அதை அழுத்தவில்லை என்று தெரிந்ததும் சொல்லை எழுதிவைத்தார்கள். அதுவும் போதாது என்று, கணினி திறந்ததும் டாஸ்க்பாரில் ஒரு அம்பு நகர்ந்து வந்து, ‘தொடங்க இங்கே கிளிக் செய்யுங்கள்’ என்று பட்டனைச் சுட்டிக்காட்டும். பழைய புரோகிராம் மேனேஜரையும் தூக்கிப்போடவில்லை, வேண்டுகிறவர் திறந்துகொள்ளலாம்.

அடுத்து ஆஃபிஸ் 2007. மெனுக்களை எடுத்துவிட்டு, பட்டன்கள் நிறைந்த அகலமான மேல்பட்டையான ரிப்பன் வந்தது. பெரிய கூச்சல் எழுந்தது, நானும் அப்போது புலம்பியவன்தான். சில மாதங்களில் அடங்கியது. எக்ஸெலில் வேலை செய்யும் கணக்காளர்களிடம் கேட்டுப் பாருங்கள்: பேஸ்ட் ஸ்பெஷலுக்குப் பழைய மெனு காலத்தில் ஆல்ட், இ, எஸ் என்று அடுத்தடுத்துத் தட்டுவார்கள். மெனு போன பிறகும் அதே சாவிகள் வேலை செய்தன. இன்றும் செய்கின்றன. கண்ணுக்கு எல்லாம் மாறிவிட்டது, கைக்கு வழி அடைபடவில்லை.

ரிப்பன் வடிவமைப்பை வழிநடத்திய ஜூலி லார்சன்-கிரீன் பிறகு விண்டோஸ் பிரிவுக்கு வந்தார். ஆஃபிஸ் பிரிவை நடத்திய சினோஃப்ஸ்கியும் அப்படித்தான். “அன்றைக்கும் கத்தினார்கள், பிறகு பழகினார்கள்” என்ற அனுபவம் அவர்கள் கையில் இருந்தது. ஆனால் அன்று பழகியதற்குக் காரணம் பழைய வழி ஒன்று திறந்திருந்ததுதான். விண்டோஸ் 8-ல் அதை அடைத்தார்கள். 2011 செப்டம்பரில் வந்த முதல் முன்னோட்டப் பதிப்பில், விண்டோஸின் உள் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றினால் பழைய ஸ்டார்ட் மெனு திரும்பிவிடும். அடுத்து வந்த பதிப்பில் அந்த வழியும் இல்லை.

இதற்கு மனோதத்துவ விளக்கம் உண்டா?

உண்டு. டேனியல் கானெமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-ல் எழுதிய கட்டுரையில், நூறு ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட நூறு ரூபாய் போகும் வலி பெரிது என்ற பொருளில் ஒரு கருத்தை நிறுவினார்கள். 1988-ல் சாமுவேல்சன், ஸெக்ஹவுசர் என்ற இருவர், மக்கள் இருக்கிற நிலையையே விடாமல் பிடித்துக்கொள்ளும் போக்கை ஆராய்ந்து அதற்கு ஒரு பெயரும் கொடுத்தார்கள். நாம் இதை ‘இருக்கிறது போதும்’ என்று சொல்வோம். புது வடிவத்தில் பத்து நன்மை இருக்கலாம். அவற்றை நாளைக்குத்தான் உணர முடியும். போனது இன்றைக்கே போய்விட்டது.

ஆனால் இந்த விளக்கத்தை அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். “இது மனித இயல்பு” என்று சொல்லிவிட்டால், வடிவமைப்பில் உள்ள பிழையைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்ளலாம். அப்படித் தப்பித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வயதானவர்கள்தானே எதிர்க்கிறார்கள்?

இல்லை. அதிகம் பாதிக்கப்படுவது நன்றாகத் தெரிந்தவர்கள். ஒன்றும் தெரியாதவருக்கு இழக்க ஒன்றுமில்லை. அவருக்கு எல்லாமே புதிது. பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2012 நவம்பரில் விண்டோஸ் 8-ஐ 12 பேரை வைத்துச் சோதித்தார். அனைவரும் அனுபவமுள்ள கணினிப் பயனர்கள். அவர்களே தடுமாறினார்கள். இரண்டு சூழல்களுக்கு நடுவே தாவிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதையும், எதைத் தொட்டால் வேலை செய்யும் என்று காட்டாத தட்டை வடிவத்தையும் அவர் கடுமையாகக் குறை சொன்னார்.

விற்பனை எப்படி இருந்தது?

ஆறு மாதத்தில் 10 கோடி உரிமங்கள் விற்றதாக மைக்ரோசாஃப்ட் 2013 மே மாதம் சொன்னது. கேட்க நல்ல எண்தான். அதில் புதுக் கணினியோடு தானாக வந்தவையும் சேரும். அதற்கு முந்தைய மாதம் ஐடிசி என்ற சந்தை ஆய்வு நிறுவனம் வெளியிட்ட கணக்கில், 2013 முதல் காலாண்டில் உலக அளவில் கணினி விற்பனை 13.9 சதவீதம் சரிந்திருந்தது. விண்டோஸ் 8 சந்தையைத் தூக்கிவிடவில்லை, மாறாக வேகத்தைக் குறைத்ததாகத் தெரிகிறது என்று அதே அறிக்கை சொன்னது. டேப்லெட்டுகளின் எழுச்சியும் அந்தச் சரிவுக்குக் காரணம். முழுப் பழியையும் ஒரு பட்டன்மேல் போட முடியாது.

மைக்ரோசாஃப்ட் கடைசியில் இறங்கி வந்ததா?

படிப்படியாக வந்தது. வெளியாகி மூன்று வாரம் முடிவதற்குள் சினோஃப்ஸ்கி நிறுவனத்தை விட்டு விலகினார். 2013 அக்டோபர் 17-ல் 8.1 வந்தது. பட்டன் திரும்பிவிட்டது என்று பேச்சு. அழுத்திப் பார்த்தால் அதே ஸ்டார்ட் ஸ்கிரீன்தான் வந்தது. மக்கள் கேட்டது பட்டனை அல்ல, அது திறக்கும் மெனுவை. நேராக டெஸ்க்டாப்புக்குப் போகும் வசதியும், பட்டன்மீது ரைட் கிளிக் செய்து அணைக்கும் வசதியும் மட்டும் உண்மையான உதவிகள்.

2014 ஏப்ரல் 8-ல் இன்னொரு அப்டேட். டச் இல்லாத கணினிகள் தானாகவே டெஸ்க்டாப்பில் திறந்தன, ஸ்டார்ட் ஸ்கிரீனில் பவர் பட்டன் கண்ணில் படும்படி வந்தது, முழுத்திரைச் செயலிகளுக்கு மேலே மூடும் குறி வந்தது. எல்லாம் முதல் நாளே இருந்திருக்க வேண்டியவை. 2015 ஜூலை 29-ல் விண்டோஸ் 10 வந்தபோதுதான் மெனு முழுதாகத் திரும்பியது, பக்கத்தில் சில வண்ணச் சதுரங்களோடு. இடையில் கிட்டத்தட்ட மூன்று வருஷம் போயிருந்தது.

அந்த மூன்று வருஷத்தில் இடைவெளியை நிரப்பியவர்கள் வெளியாட்கள். கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருள் பழைய மெனுவை அப்படியே கொண்டுவந்தது. ஸ்டார்டாக் நிறுவனம் ஸ்டார்ட்8 என்று ஒன்றை 4.99 டாலருக்கு விற்றது. இல்லாமல் போன ஒரு பட்டனுக்காக மக்கள் காசு கொடுத்தார்கள் என்றால், அவர்கள் வெறுமனே முரண்டு பிடிக்கவில்லை. டிடிபி அக்காவுக்கு நான் போட்டுக்கொடுத்தது கிளாசிக் ஷெல். பத்து நிமிஷ வேலை. அன்று சாயங்காலமே அவர் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார்.

விண்டோஸ் 8-ல் நல்லதே இல்லையா?

நிறைய இருந்தது. அதுதான் எனக்கு வருத்தம். கணினி திறக்கும் வேகம் கண்கூடாகக் கூடியது. டாஸ்க் மேனேஜரை அழகாக மாற்றி எழுதியிருந்தார்கள். பல கோப்புகளை ஒன்றாக நகலெடுக்கும்போது எல்லாம் ஒரே பெட்டியில் தெரிந்தன, இடையில் நிறுத்திவைக்கவும் முடிந்தது. ஒரு முழு சிடியின் நகலான ஐஎஸ்ஓ கோப்பை வேறு மென்பொருள் இல்லாமலே திறக்கலாம். விண்டோஸ் விஸ்டாவில் காணாமல் போன ‘ஒரு ஃபோல்டர் மேலே போ’ பட்டனும் திரும்ப வந்திருந்தது. பட்டன் சண்டையில் இவை யார் கண்ணிலும் படவில்லை.

லினக்ஸிலும் இப்படி நடந்ததா?

அதற்கு முந்தைய வருஷமே நடந்தது. இலவச இயங்குதளமான லினக்ஸில் டெஸ்க்டாப்பின் முகத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். 2011 ஏப்ரலில் அப்படியொரு முகமான க்னோம் 3 வந்தது, அதே மாதம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையின் 11.04 பதிப்பு யூனிட்டி என்ற தன் புது முகத்தோடு வந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே க்னோம் 3-ஐக் கடுமையாகத் திட்டிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு முகத்துக்குப் போனார்.

ஆனால் அங்கே ஒரு பெரிய வித்தியாசம். மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. பிடிக்காதவர்கள் பழைய க்னோம் 2-ஐ எடுத்து மாட்டே என்று தொடர்ந்தார்கள். லினக்ஸ் மின்ட் குழு சின்னமன் என்ற முகத்தை உருவாக்கியது. விண்டோஸில் கோபப்பட மட்டுமே முடிந்தது. இங்கே கோபப்பட்டவர்கள் வேறு வீடு கட்டிக்கொண்டார்கள். க்னோம் குழுவும் 2013-ல் 3.8 பதிப்பில் ‘கிளாசிக்’ என்ற பழைய தோற்றத்தைக் கொடுத்தது. 2014-ல் வந்த, நிறுவனங்களுக்கான ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 அதையே இயல்பான தோற்றமாக வைத்தது. அலுவலகங்கள் எதை விரும்பும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

யூனிட்டியில் இடது ஓரப் பட்டையைக் கீழே கொண்டுவர அனுமதி கிடைக்க 16.04 வரை, ஐந்து வருஷம் ஆனது. 2017-ல் உபுண்டு யூனிட்டியையே விட்டுவிட்டு க்னோமுக்குத் திரும்பியது.

ஆப்பிள் பயனர்கள் எதிர்ப்பதில்லையா?

எதிர்ப்பார்கள். 2011-ல் மேக் ஓஎஸ் லயனில் ஸ்க்ரோல் செய்யும் திசையைத் தலைகீழாக மாற்றினார்கள். பிடிக்காதவர் ஒரே ஒரு டிக்கை எடுத்தால் பழைய திசை. 2013-ல் ஐபோனுக்கான ஐஓஎஸ் 7-ன் அசைவுகளைப் பார்த்துத் தலைசுற்றுகிறது என்று பலர் சொன்னதும், அசைவைக் குறைக்கும் வசதியை அடுத்த சில வாரங்களிலேயே விரிவாக்கினார்கள். தலைசுற்றல் உடம்பு சொல்லும் எதிர்ப்பு, அதைப் ‘பழகினால் போகும்’ என்று தள்ள முடியாது.

விண்டோஸ் 11 பாடம் கற்றதா?

ஓரளவு. 2021 அக்டோபர் 5-ல் வந்தபோது ஸ்டார்ட் பட்டனும் ஐகான்களும் நடுவுக்குப் போயின. ஆனால் இடது பக்கம் தள்ளிக்கொள்ளும் வசதியை முதல் நாளே கொடுத்தார்கள். அலுவலகங்களில் நான் முதலில் செய்வது அதைத்தான். பாதிப் புலம்பல் அத்தோடு நிற்கிறது.

இன்னொரு பக்கம், டாஸ்க்பாரைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ வைக்கும் வழியை வெளியான பதிப்பில் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஜன்னலையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதியும் போனது. அது 2023-ல்தான் திரும்பியது. பத்து எக்ஸெல் கோப்புகளைத் திறந்துவைத்து மாறி மாறி வேலை செய்யும் கணக்குப் பிரிவுக்கு அந்த இரண்டு வருஷம் தினசரித் தொல்லை. ரைட் கிளிக் மெனுவும் சுருங்கி, பாதி ‘மேலும் விருப்பங்களைக் காட்டு’ என்பதற்குப் பின்னால் போனது. ஷிஃப்ட், எஃப்10 சேர்த்து அழுத்தினால் முழு மெனு வரும். இதை மட்டும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இது எப்படிப் பொருந்தும்?

நமக்கு இந்த அனுபவம் ரொம்பப் பழையது. 1999-ல் தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக ஏற்றது. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் வலது கைக்கு; கற்க எளிது, வேகமும் வரும். ஆனாலும் தட்டச்சு லோயர், ஹையர் எழுதித் தேறியவர்களின் விரல்கள் பழைய தட்டச்சு இயந்திர அமைப்பிலேயே நின்றன. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நியூ ஹொரைசன் மீடியா வெளியிட்ட என்எச்எம் ரைட்டர் போன்ற மென்பொருள்கள் தமிழ்99, பழைய தட்டச்சு, பாமினி, ஒலிப்பெயர்ப்பு என எல்லா அமைப்புகளையும் ஒன்றாகக் கொடுத்தன. அவரவர் விரலுக்குத் தெரிந்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், ஆனால் திரையில் விழுவது எல்லோருக்கும் ஒரே யூனிகோட், அதாவது எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற பொதுக் குறியீடு. யூனிகோடுக்குப் பலர் சண்டையில்லாமல் மாறியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

மாறாமல் பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாமா?

இணையத்தோடு இணைந்த கணினி என்றால் கூடாது. பாதுகாப்பு அப்டேட் நின்ற பதிப்பு, பூட்டு உடைந்த கதவு. விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ல் முடிந்த பிறகும் அதிலேயே வங்கி வேலை செய்தவர்களைப் பார்த்துப் பதறியிருக்கிறேன். விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேரலாம். வீட்டுப் பயனர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை. அது மூச்சுவிடும் அவகாசம் மட்டுமே.

அலுவலகத்தில் மாற்றும்போது முரண்டைக் குறைப்பது எப்படி?

முதலில் நாளைப் பார்த்து மாற்றுங்கள். மாதக் கடைசியிலும் ஜிஎஸ்டி தாக்கல் வாரத்திலும் கைவைக்காதீர்கள். வேலை நெருக்கடியில் இருப்பவரிடம் புது மெனுவைக் காட்டினால், அந்த எரிச்சல் வருஷக்கணக்கில் அந்த மெனுவோடு ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம், மாற்றுவதற்கு முந்தின வாரம் ஒவ்வொருவர் பக்கத்திலும் அரை மணி நேரம் உட்காருங்கள். பேசவே வேண்டாம், அவர் கை எங்கே போகிறது என்று மட்டும் பாருங்கள். எதைத் திறக்கிறார், எந்தக் குறுக்குவிசை, எந்த ஐகான் எந்த இடத்தில். ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு பழக்கத்துக்கு மேல் இருக்காது. புதுக் கணினியில் அந்தப் பன்னிரண்டும் அதே இடத்தில் இருக்கும்படி வைத்துக் கொடுங்கள். மீதி மாற்றங்களை அவர்களே மெதுவாகக் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

ஒரு பழைய கணினியை இரண்டு வாரம் மூலையில் அப்படியே விட்டுவையுங்கள். அவசரத்துக்கு அதில் செய்துகொள்ளலாம் என்ற தைரியம் இருந்தால் புதியதைத் தொட்டுப் பார்க்கப் பயம் வராது. என் அனுபவத்தில் முதல் மூன்று நாள் அதன் முன்னால் ஆள் இருக்கும். இரண்டாவது வாரம் அதன்மேல் ஃபைல்களை அடுக்கியிருப்பார்கள்.

வீட்டில் அம்மா அப்பாவின் கணினியை மாற்றும்போது?

மவுஸை அவர்கள் கையிலிருந்து வாங்காதீர்கள். நாம் பிடுங்கி, சரசரவென்று நான்கு கிளிக் செய்து, “இவ்வளவுதாம்மா” என்றால் அவர்கள் மனதில் நிற்பது நம் வேகம் மட்டுமே. அவர்கள் கையே போகட்டும், தப்பான இடத்தில் கிளிக் செய்யட்டும், காத்திருங்கள். கேட்டதை மட்டும் காட்டுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

இது வெறும் பழக்கக் கோளாறா, வடிவமைப்பிலேயே பிழையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். பழக்கம் மட்டும்தான் சிக்கல் என்றால் புகார்கள் நாளுக்கு நாள் மாறும், குறையும். முதல் வாரம் பட்டனைத் தேடியவர் இரண்டாவது வாரம் வேறு ஏதாவது கேட்பார். வடிவமைப்பில் பிழை என்றால் ஒரே புகார், ஒரே சொற்களில், வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருக்கும். விண்டோஸ் 8-ஐ எப்படி அணைப்பது என்று ஆறு மாதம் கழித்தும் என்னிடம் கேட்டார்கள். கேட்டவர்களில் ஒரு பொறியாளரும் இருந்தார், ஒரு பள்ளித் தலைமையாசிரியரும் இருந்தார்.

நாம் புகார் சொன்னால் யாராவது கேட்பார்களா?

ஒருவர் சொன்னால் தெரியாது, பலர் ஒரே விஷயத்தைத் தெளிவாகச் சொன்னால் நகர்கிறது. டாஸ்க்பாரில் ஜன்னல் பெயர்கள் திரும்பியது அப்படித்தான். விண்டோஸ் 10-லும் 11-லும் ஃபீட்பேக் ஹப் என்ற செயலி உள்ளேயே இருக்கிறது. அதில் “புதுசு பிடிக்கலை” என்று எழுதாதீர்கள். என்ன வேலை செய்ய முயன்றீர்கள், முன்பு எத்தனை கிளிக், இப்போது எத்தனை கிளிக், ஒரு நாளில் எத்தனை முறை அதைச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஏற்கெனவே யாராவது அதையே எழுதியிருந்தால் புதிதாக ஒன்று போடாமல் அதற்கே ஆதரவு கொடுங்கள். எண்ணிக்கை ஒரே இடத்தில் சேரட்டும்.